கீழ்வீட்டில் தெர்மாகோல், பின்மனையில் புகை: வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். எட்டுப் பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

மாடியில் அவர், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். கீழ்வீட்டை நான்கு வருடத்துக்கு முன்னால் கணவரின் சொந்த ஊர்க்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 9,000 ரூபாய் வாடகை மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். ஒரு நடுராத்திரி மாமியாருக்கு நெஞ்சு வலி வந்தபோது தன் டெம்போவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

கீழ்வீட்டு முன்னறையில் தெர்மாகோல் அட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். பின்னறையில் சூடான கம்பி வைத்து மணமக்கள் பெயரும் பூ வேலையும் வெட்டுவார்கள். முகூர்த்தங்கள் முடிந்ததும் வெட்டிய மிச்சமும் மண்டபத்தில் இருந்து பெயர்த்துவந்ததும் பின்பக்கக் காலிமனையில் குவியும். வாரம் ஒருமுறை, சாயங்காலம், தீ வைத்துவிடுவார்கள். வாசகியின் ஏழு வயது மகனுக்கு இரண்டு வருடமாக இளைப்பு. எரித்த அன்று ராத்திரி பெரும்பாலும் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது.

கணவர் சொல்வது: "எரிக்காமல் விட்டால் அது 500 வருஷம் அப்படியே கிடக்கும், எரித்தால்தான் ஒழியும். ஊர்ப் பகையும் வேண்டாம். ரொம்பத் தொந்தரவு என்றால் கீழ்வீட்டுக் கரன்ட்டை நிறுத்திவிடலாம், தானாகக் காலி செய்வார்." பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது: "போலீஸில் சொல்லுங்கள், அஞ்சு வருஷம் உள்ளே போடுவார்கள்." வாசகியோ தெர்மாகோலைத் தொட்டாலே கேன்சர் என்று வாட்ஸ்ஆப்பில் படித்துவிட்டு, மகள் பள்ளிக்காகச் செய்து வைத்திருந்த தெர்மாகோல் வீட்டைப் பிடுங்கி அந்தக் குவியலிலேயே போட்டுவிட்டார். மகள் இரண்டு நாள் பேசவில்லையாம். வாசலில் இவர் சாயங்காலம் பஜ்ஜி, டீக் கடை போடுகிறார். அதில் தெர்மாகோல் தட்டை விட்டுவிட்டு இப்போது பேப்பர் கப், பேப்பர் தட்டுக்கு மாறியிருக்கிறார்.

கேள்வி இரண்டு. சட்டம் என் பக்கம் இருக்கிறதா? ஆபத்துக்கு உதவிய மனிதர் மேல் புகார் கொடுத்தால் நான் நன்றி கெட்டவளா?

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. அவர் உங்கள் மாமியாரைக் காப்பாற்றியது உண்மை. அவர் மூட்டும் தீ உங்கள் மகனின் மூச்சை அடைப்பதும் உண்மை. முதலாவதற்கான நன்றியை, அவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில் காட்டலாம். பேசாமலே இருந்து காட்ட வேண்டியதில்லை. நான் வழக்கறிஞர் என்றாலும், இந்த விஷயம் நோட்டீஸ் வரை போகாமலே முடியும் என்று நம்புகிறேன். அதற்குச் சில விஷயங்களை நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் இருக்கும் பயங்களில் பாதி தேவையில்லாதவை. அதே சமயம், பயப்பட வேண்டிய ஒன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை.

தெர்மாகோலும் அதன் புகையும்

தெர்மாகோல் என்பது ஒரு காலத்தில் வணிகப் பெயராக இருந்து, நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. பொருளின் பெயர் பாலிஸ்டைரீன். கச்சா எண்ணெயில் இருந்து வரும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக். அதன் சிறு மணிகளுக்குள் பென்டேன் என்ற பொருளை அடைத்து நீராவி காட்டினால், சோளம் பொரிவதுபோல் பல மடங்கு உப்பிவிடும். அந்த மணிகளை அச்சில் இட்டு அழுத்தினால் அட்டை. ஓர் அட்டையை உடைத்துப் பாருங்கள், அந்த மணிகள் தனித்தனியாகத் தெரியும், விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாது. அட்டையின் கன அளவில் 95 சதவீதத்துக்கும் மேல் வெறும் காற்றுதான்.

ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ள பொருட்களின் பட்டியலில், '2ஏ' என்ற பிரிவுக்கு 2018-இல் உயர்த்தியது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. உங்களுக்கு வந்த வாட்ஸ்ஆப் செய்தியின் வேர் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படையான ஆதாரத்தில் முக்கியமானது, தொழிற்சாலைகளில் வருடக்கணக்கில் ஸ்டைரீன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களைப் பற்றியது. கோத்து இறுகிய பாலிஸ்டைரீன் வேறு, ஸ்டைரீன் வேறு. உங்கள் மகள் பசை தடவி ஒட்டிய அட்டை அவளை ஒன்றும் செய்யாது. ஒரு விஷயம் தெரியுமா, அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கிறது. பஜ்ஜிக் கடாய் முன் தினமும் நிற்பவர் நீங்கள். அந்தப் புகை வெளியேற வழி இருக்கிறதா என்று பார்ப்பது, மகளின் அட்டையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அவசியம்.

தெர்மாகோலில் கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று. ஒன்று, சூடான, எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாடு. அப்போது மிச்சம் மீதி ஸ்டைரீன் கொஞ்சம் உணவில் இறங்கும். அந்தத் தட்டை நீங்கள் ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள், நல்லது. இரண்டு, சூடான கம்பியால் வெட்டும்போது வரும் ஆவி. பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெட்டுகிறார்கள் என்றால் அதில் முதலில் பாதிக்கப்படுவது அங்கே உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான். மூன்று, தீ.

வெட்டவெளியில் எரியும் தெர்மாகோல் முழுசாக எரிவதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு வழக்குக்காக, மண்டபம் ஒன்றின் பின்பக்கம் எரித்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் நிற்கும்போதே ஒரு சின்னக் குவியலுக்குத் தீ வைத்துக் காட்டினார்கள். அட்டை சுருங்கி, உருகி, எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக விழுந்தது. புகை தார்ச் சட்டியில் இருந்து வருவதுபோல் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் காற்றில் ஒட்டடைபோல நூல் நூலாகக் கரி மிதந்து வந்து, பக்கத்துக் கொடியில் காய்ந்த வேட்டியில் இறங்கியது. தட்டினால் போகவில்லை, இழுத்த இடமெல்லாம் மை பூசியதுபோல் ஆனது. வேட்டியில் இறங்கியதைவிட நுண்ணிய கரி கண்ணுக்கே தெரியாது. நுரையீரலுக்குள் இறங்குவது அதுதான். கூடவே கார்பன் மோனாக்சைடு, ஸ்டைரீன், பென்சீன் எல்லாம் இருக்கும். இளைப்பு உள்ள குழந்தைக்கு எந்தப் புகையும் ஆகாது, இது இன்னும் ஆகாது. மகனின் மருத்துவரிடம் எரிக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. அடுத்த தடவை போகும்போது சொல்லுங்கள், சீட்டில் எழுதித் தரவும் கேளுங்கள்.

கணவர் சொல்லும் 500 வருடக் கணக்கு நிறையப் பேர் சொல்வதுதான். ஆனால் அதை யாரும் அளந்து பார்த்ததில்லை. இந்தப் பொருளே ஜெர்மனியில் 1950-ஐ ஒட்டித்தான் உருவானது. வெயிலில் கிடக்கும் பாலிஸ்டைரீன் பல பத்தாண்டுகளில் இருந்து சில நூற்றாண்டுகளுக்குள் சிதையலாம் என்று அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன ஆய்வு ஒன்று 2019-இல் சொன்னது. அதற்குள் அது மஞ்சளாகி, பொடிந்து, மணி மணியாக உதிர்ந்து வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போய்விடும் என்பது நாம் கண்ணால் பார்ப்பது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைக் குறைக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது, காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டது நினைவிருக்கும். அவ்வளவு கனம் இல்லாத பொருள். காலிமனையில் கிடந்தால் அது காலிமனையிலேயே நிற்காது. ஆகவே அது கிடக்கக் கூடாது என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. எரித்தால் ஒழியும் என்பதுதான் சரியில்லை. தரையில் கிடந்தது காற்றில் ஏறி, உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்காத ஆபத்து

கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது என்னை நிறுத்திய வரி, 'முன்னறையில் கூரை வரை அடுக்கியிருக்கும்' என்பது. அதை நீங்கள் இடத்தை அடைக்கிறது என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

தெர்மாகோல் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே இளகிச் சுருங்கத் தொடங்கும். பற்றிக்கொண்டால் கிலோவுக்குக் கிலோ விறகைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தரும், டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உருகி எரியும் சொட்டுகள் கீழே இருப்பதையும் பற்றவைக்கும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று, வெல்டிங் வேலையில் தெறித்த பொறி கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் அட்டையில் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில். தீயணைப்பு வண்டியும் ஆட்களும் எப்போதும் தயாராக நிற்கும் விமான நிலையத்திலேயே அப்படி.

உங்கள் வீட்டில் முன்னறையில் அட்டைக் குவியல், பின்னறையில் சூடான கம்பி, மேலே தூங்கும் இரண்டு குழந்தைகள், நெஞ்சு வலி வந்த பெரியவர். மாடிப்படி எங்கே இறங்குகிறது? கீழ்வீட்டு முன்வாசல் வழியாகத்தான் என்றால், அந்த அறையில் தீப்பிடித்தால் நீங்கள் இறங்க வழியே இல்லை. பின்மனைப் புகைக்கு ஒரு மாதம் பேசித் தீர்வு காணலாம். இதற்கு இந்த வாரமே பேசுங்கள். அட்டைச் சரக்கு மனிதர்கள் தூங்கும் வீட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது. வேறு கொட்டகை பார்க்கும் வரை கம்பி வேலையையாவது அந்தக் கட்டிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதில் உங்கள் பொறுப்பும் இருக்கிறது. கீழ்வீட்டு மின் இணைப்பு இன்னும் உங்கள் மாமனார் பெயரில், வீட்டு உபயோகக் கட்டணத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடப்பது தொழில். மின்சாரச் சட்டம் 2003, 126-ஆவது பிரிவின்படி, அனுமதித்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது அங்கீகாரமற்ற பயன்பாடு. அந்தக் காலத்துக்கு உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். இணைப்பு உங்கள் குடும்பத்தின் பெயரில் இருப்பதால் ஓலை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்த இடத்தில் இப்படி ஒரு கிடங்கு இருந்ததைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

எது தடை, எது தடையில்லை

'தெர்மாகோலையே தடை செய்துவிட்டார்களே' என்று எழுதியிருக்கிறீர்கள். முழுசாகத் தடை இல்லை. டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வரும் அட்டை, மீன் ஏற்றும் ஐஸ் பெட்டி, தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டி, கட்டிடக் கூரையில் வெப்பம் தடுக்கப் போடும் அட்டை, இவை எல்லாம் தடைப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பொருட்கள் உண்டு. தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் குவளை அதில் அடக்கம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த மத்திய அரசின் தடையில் 'அலங்காரத்துக்கான தெர்மாகோல்' என்று தனியாகவே பெயர் சொல்லியிருக்கிறது. ஆக, உங்கள் கீழ்வீட்டுக்காரர் செய்யும் வேலையின் மூலப்பொருளே, அந்தப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. மண்டபங்களில் இன்னும் நடக்கிறது என்பதால் அவருக்கு இது உறைக்காமல் இருக்கலாம். நகராட்சி ஆட்கள் வந்தால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம்.

ஐந்து வருட ஜெயில் என்பது பழைய கதை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் அப்படி ஒரு தண்டனை இருந்தது. ஜன் விஷ்வாஸ் சட்டம் 2023 அதை மாற்றிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தை மீறினால் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை பணத் தண்டம்தான், அதையும் தீர்மானிப்பவர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. கீழ்வீட்டுக்காரரை உள்ளே தள்ளிவிடுவோம் என்று மிரட்ட இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. நீங்களும் அதை விரும்பவில்லை என்று கடிதமே சொல்கிறது.

குப்பையைப் பொதுவெளியில் எரிப்பது தனிக் குற்றம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று, திறந்த வெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் மொத்தமாக எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் விதிக்கலாம் என்று உத்தரவிட்டது. இந்தத் தடை தெர்மாகோலுக்கு மட்டும் இல்லை, எந்தக் குப்பைக்கும் பொருந்தும். காற்று மாசு இல்லாமல் வாழ்வது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆம், சட்டம் உங்கள் பக்கம்தான்.

இங்கே கொஞ்சம் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் தமிழ்நாடு தடை செய்த அதே 14 வகைகளில் இருக்கின்றன. கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய தோல் உரிந்து வரும். நீங்கள் புகார் கொடுத்து ஆய்வாளர் வரும்போது, வாசலில் உங்கள் கடையைத் தாண்டித்தான் பின்மனைக்குப் போவார். முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள். டீக்குக் கண்ணாடி டம்ளர், பஜ்ஜிக்கு வாழை இலைத் துண்டோ மந்தாரை இலைத் தட்டோ பாக்குமட்டைத் தட்டோ போதும்.

அவர் ஏன் எரிக்கிறார்

இதைப் புரிந்துகொண்டால் பேச்சு எளிது. அட்டைப்பெட்டி, இரும்பு, பாட்டில் எல்லாம் பழைய சாமான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். தெர்மாகோலை வாங்க மாட்டார். ஒரு கன மீட்டர் தெர்மாகோலின் எடை 10-இல் இருந்து 30 கிலோதான். அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ. டெம்போ நிறைய ஏற்றினாலும் டீசல் காசுக்கு எடை தேறாது. உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக்தான் இது. ஆனால் அதைச் செய்யும் இடம் வரை கொண்டுபோகக் கட்டாது. இடம் அடைக்கிறது, யாரும் எடுப்பதில்லை, தீக்குச்சி ஒன்று போதும். தினமும் பத்து வேலை பார்க்கும் மனிதர் வேறு என்ன செய்வார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அவரிடம் போகும்போது கையில் வழியோடு போங்கள். வெட்டிய மிச்சத்தில் பெயின்ட், பசை, ஜிகினா படாத வெள்ளைத் துண்டுகளைத் தனியாகச் சாக்கில் கட்டச் சொல்லுங்கள். அட்டை தயாரிக்கும் ஆலைகள் அப்படிச் சுத்தமான துண்டுகளைப் பொடித்துப் புது மணிகளோடு கலந்து வார்ப்பது உண்டு. அவர் அட்டை வாங்கும் மொத்த வியாபாரியின் வண்டி திரும்பிப் போகும்போது ஏற்றிவிட முடியுமா என்று அவரே கேட்கட்டும். பசையும் வண்ணமும் பட்டதை நகராட்சியின் உலர் குப்பையில் சேர்க்க வேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாத உலர் குப்பையை சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு பல நகராட்சிகளில் இருக்கிறது. ஆலை உலையின் வெப்பம் 1,400 டிகிரிக்கு மேல். பின்மனைத் தீயோடு அதை ஒப்பிடவே முடியாது.

இதெல்லாம் இப்போது இருக்கும் மிச்சத்துக்கு. தொழிலையே அவர் மாற்றியாக வேண்டும், தடை இருப்பதால் வேறு வழியில்லை. பலகையில் வெட்டிய எழுத்துகளை வைத்துக்கொண்டால் எத்தனை மேடைக்கு வேண்டுமானாலும் மாற்றி மாற்றி அடுக்கலாம். துணி மடிப்பு, குருத்தோலைத் தோரணம், பூ இவற்றுக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நெட்டியை மறந்துவிட்டோம். குளத்தில் வளரும் செடி, உள்ளே பாலாடை நிறத்தில் பஞ்சு மாதிரி தண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை போடுகிறோமே, அதுதான். தஞ்சாவூரில் அதில் கோயில் கோபுரமே செதுக்குகிறார்கள், அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தெர்மாகோல் வருவதற்கு முன் வெள்ளையாக, லேசாக, வெட்ட இசைவாக நம்மிடம் இருந்த பொருள். முழு மேடைக்கு அது போதாது, விலையும் கட்டாது. மணமக்கள் தலைக்கு மேல் வரும் ஒரு பூவேலைக்கு நிச்சயம் ஆகும்.

பேசுவதற்கு ஆடி மாதம் தோதானது. முகூர்த்தம் இருக்காது, அவர் கையில் நேரம் இருக்கும். கிடங்கு விஷயத்துக்கு மட்டும் ஆடிக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கணவரும் கூட இருக்கட்டும். மாமியார் இருந்தால் இன்னும் நல்லது, அவர் சொன்னால் அந்த மனிதர் தட்ட மாட்டார் என்று நினைக்கிறேன். "அண்ணே, நீங்க அன்னிக்கு வரலைன்னா அத்தை இன்னிக்கு இல்லை. அதை நாங்க மறக்கலை. ஆனா எரிக்கிற அன்னிக்கெல்லாம் பையனுக்கு மூச்சு முட்டுது" என்று தொடங்குங்கள். மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள். தடை விவரத்தை அவருடைய நன்மைக்காகவே சொல்லுங்கள், ஏனென்றால் சரக்கு பறிபோனால் நஷ்டம் அவருக்குத்தான்.

பேச்சு எடுபடாவிட்டால்

கரன்ட்டை நிறுத்தவே கூடாது. தண்ணீரும் அப்படித்தான். வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் தடுக்கிறது. அதைச் செய்த நிமிடத்தில் குற்றம் அவரிடம் இருந்து உங்களிடம் வந்துவிடும். அந்தச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் இருந்து அமலில் இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் 11 மாத ஒப்பந்தம் முடிந்தே மூன்று வருடம் ஆகிறது, பதிவும் செய்யவில்லை. 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். புது ஒப்பந்தம் போடுங்கள். குடியிருப்புக்கு அடியில் எளிதில் தீப்பற்றும் சரக்கு வைக்கக் கூடாது, கழிவை எரிக்கக் கூடாது என்று அதில் எழுதுங்கள். இடத்தைப் பொதுத் தொல்லை தரும் வகையிலோ சட்டவிரோதமாகவோ பயன்படுத்தி, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால், காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணமாகச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு வாடகை நீதிமன்றம்தான் போக வேண்டும், ஆள் வைத்துச் சாமானை இறக்க முடியாது.

எரிப்பதை நிறுத்த வைக்க இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டியதில்லை. எரிக்கும் நாளில் தேதி, நேரம் தெரிய நான்கைந்து படம் எடுத்து வையுங்கள். அன்று ராத்திரி மகனுக்கு மருந்து கொடுத்ததையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நகராட்சி ஆணையருக்குப் புகார் எழுதி, சுகாதார ஆய்வாளருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். காலிமனையின் சொந்தக்காரரையும் தேடிப் பிடியுங்கள். தன் இடத்தில் தீ வைப்பது பலருக்குத் தெரிந்தே இருக்காது, அவர் வேலி போட்டாலே பாதி முடிந்தது. அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் அவரிடம் இருக்கிறது. சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது என்றாலும், ஒரு காலிமனைத் தீக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

புகாரின் விளைவையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்தால் பின்மனையோடு நிற்காமல் கீழ்வீட்டுச் சரக்கையும் பார்ப்பார், மின் இணைப்பும் பேச்சில் வரும். இணைப்பை இப்போதே மின்வாரியத்தில் தொழில் கட்டணத்துக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிடுவது நல்லது. வாடகையில் கொஞ்சம் போனாலும் போகட்டும். அவர் காலி செய்துவிட்டால் 9,000 ரூபாய் நின்றுபோகும் என்ற கவலை கடிதத்தின் ஓரத்தில் தெரிந்தது. நகராட்சிக்குள் சாலையோரம் இருக்கும் வீட்டுக்கு வேறு குடித்தனம் கிடைக்கும். அதுவரை இரண்டு மூன்று மாதம் இழுத்துப் பிடிக்கக் கையில் ஏதாவது ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், மகள். அவளுடைய அட்டை வீடும் அந்தக் குவியலோடு சேர்ந்து எரிந்துதான் போயிருக்கும். அதைத் தொட்டதால் உனக்கு ஒன்றும் ஆகாது, அம்மா தெரியாமல் பயந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கு இன்னொரு வீடு செய்ய வேண்டியிருந்தால் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து வெட்டுங்கள்.